ஒரே சோபாவில் கலங்கரை மனிதன்

கலங்கரை மனிதனின் அப்பா மூன்றாவது முறையாகச் செத்துக்கொண்டிருந்தார். முதல் தடவை, வெண்டல் சால்மெலா இளைஞராக இருந்தபோது வந்த படத்தில், அந்த மனிதர் தொட்டித் தண்ணீரில் செத்தார். பின்னால் அடித்த புயல் துணியில் வரைந்தது என்பது குழந்தைக்கும் தெரிந்தது. இரண்டாம் தடவை மழையில், வயலின் இசையோடு. இப்போது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்துவிட்டு, அதே பாறையிலிருந்து, அதே அலைக்குள், ஆனால் மிக மிக மெதுவாக விழவைத்தார்கள். அமெரிக்காவின் வடக்கே, துலூத் நகரத்தில் புதன்கிழமை மதியக் காட்சிக்கு வெண்டல் ஒருவர்தான் வந்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர் என்றால் அழுவதா வேண்டாமா என்பதும் அவர் தலையிலேயே விழுகிறது. அவர் சோளப்பொரியைச் சத்தம் வராமல் மென்றார்.

வீட்டுக்குப் போனதும் எழுதினார்: "வெளிச்சம் ஒன்றே ஆயுதமாக உள்ள வீரனைப் பற்றிய படம். அவன் எங்கே நிற்கிறான் என்றே தெரியாத இருட்டில் எடுத்திருக்கிறார்கள். ஆழமான படம் என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். கிணறும் ஆழம்தான்." ஐந்துக்கு இரண்டு போட்டார்.

அது திரையரங்க விமர்சனம். அதைவிட முக்கியமான விமர்சனம் நாலைந்து மாதம் கழித்து, படம் டிஸ்க்காகக் கடைக்கு வரும்போது எழுதுவது. இதற்கென்றே 'தட்டும் திரையும்' என்ற இணைய இதழ் இருந்தது. பீனிக்ஸ் நகரத்திலிருந்து பேரி கெஸ்லர் என்பவர் நடத்தினார். படம், பிம்பம், ஒலி, இணைப்புகள் என்று ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நாலு மதிப்பெண். உலகத்தில் இதற்காகச் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இதழில் மிகவும் பிடித்த பகுதி 'ஒரே சோபா'. அதில் வெண்டல் ஒலியைப் பார்த்துக்கொள்வார். லோரெட்டா ஸ்கால்சோ என்ற அம்மாள் பிம்பத்தைப் பார்த்துக்கொள்வார். படத்தைப் பற்றி இருவரும் அடித்துக்கொள்வார்கள். "சால்மெலாவுக்குக் காது உண்டு, மனசு கிடையாது" என்று அவர் எழுதுவார். "லோரெட்டாவுக்கு மனசு உண்டு, அதனால்தான் படம் முடிவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்" என்று இவர் எழுதுவார். ரிமோட் யார் கையில் இருக்கும் என்று வாசகர்கள் கேட்டு எழுதினார்கள். உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டவர்களும் உண்டு.

அந்த இருவரும் ஒரு நாள்கூட ஒரே சோபாவில் உட்கார்ந்ததில்லை. வெண்டல் துலூத்தில், ஏரியைப் பார்த்த மேட்டில் இருந்தார். லோரெட்டா இரண்டு மணி நேரப் பயணத்தில், பிரெய்னர்டில் இருந்தார். ஆளுக்கொரு டிஸ்க் தபாலில் வரும். ஆளுக்கொரு பக்கம் எழுதி அனுப்புவார்கள். பேரி அதைப் பீனிக்ஸ் வெயிலில் உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டி, ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வது போலக் கோத்து, தோன்றிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று போடுவார். வெண்டல் தான் சிரித்ததை வாசித்துத்தான் தெரிந்துகொள்வார்.

இப்படி ஆனதற்குக் காரணம் ஒரு வாக்கியம். ஆறு வருடத்துக்கு முன் பேரி தன் எழுத்தாளர்களை மினியாபொலிஸில் ஒரு ஓட்டலுக்கு வரவழைத்து, காய்ந்த சாண்ட்விச் கொடுத்து, 'ஒரே சோபா' யோசனையைச் சொன்னார். கையில் சாண்ட்விச்சோடு லோரெட்டா உடனே வெண்டல் பக்கம் திரும்பினார்.

"அப்போ உன் வீட்டுக்கே வந்துடறேன். ரெண்டு மணி நேர டிரைவ்தானே. சேர்ந்தே பாத்துடலாம்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்" என்றார் வெண்டல்.

"சரி" என்றார் லோரெட்டா.

வெண்டல் காத்திருந்தார். மின்னசோட்டாவின் வடக்கில், ஒரு கோப்பைக் காப்பியைக்கூட முதல் தடவை நீட்டியதும் வாங்கிக்கொள்கிறவனைப் பற்றி ஊரில் நல்லபடியாகப் பேசமாட்டார்கள். முதல் 'வேண்டாம்' தொண்டையைச் செருமுவது போல. இரண்டாவது, மரியாதை. மூன்றாவது தடவை கேட்டால்தான் கேட்டதாகக் கணக்கு. லோரெட்டா நியூஜெர்சிக்காரர். கணவரின் வேலைக்காக வடக்கே வந்து, கணவர் வேறு வேலையும் வேறு மனைவியும் தேடிக்கொண்டு போன பிறகு, வீடு பழகிவிட்டதென்று அங்கேயே தங்கிவிட்டவர். அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் சாண்ட்விச்சை முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். வெண்டல் இரண்டாவது அழைப்புக்காக ஆறு வருடமாகக் காத்திருந்தார்.

அந்த ஆறு வருடத்தில் அவருக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்: அந்த அம்மாள் வந்து சோபாவில் உட்கார வேண்டும். அதற்கு மேல் அவர் யோசித்துப் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் அவருக்கு மனைவி இருந்தார். இங்கே குளிர் தாங்கவில்லை என்று அரிசோனாவுக்குப் போய்விட்டார். எந்தக் குளிர் என்று வெண்டல் கேட்கவில்லை. பகலில் பள்ளிப் பேருந்துகளுக்கு வழித்தடம் போடும் அலுவலகத்தில் வேலை. ஊரில் எந்தக் குழந்தை எந்த முனையில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு குழந்தையையும் நேரில் தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்து ஐந்து ஸ்பீக்கரையும் போட்டால் வீடு முழுக்க ஆட்கள். நிறுத்தினால், பனி உருகிச் சொட்டும் சத்தம்.

அக்டோபர் கடைசியில் கலங்கரை மனிதன் டிஸ்க் வந்தது. ஊரில் யாருக்கும் சினிமா நினைப்பு இல்லாத வாரம். மான் வேட்டைக் காலம் தொடங்கப்போகிறது. ஆண்கள் எல்லோரும் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறச் சட்டையைக் காற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் எதிர் மேசைக்காரரான கோர்டி லிண்ட்க்விஸ்ட் துப்பாக்கி எண்ணெய் வாசனையோடே வேலைக்கு வந்தார்.

"வெண்டல், இந்த வருஷமாவது வாயேன்."

"இல்லப்பா. வேலை இருக்கு."

"மரத்து மேல உட்கார்ற பலகை இன்னொண்ணு காலியாத்தான் இருக்கு."

"பரவாயில்ல கோர்டி."

"வந்தா நல்லா இருக்கும்."

"இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

இது வருடா வருடம் நடப்பது. மூன்றாவது மறுப்போடு கோர்டி திருப்தியாகத் தன் காப்பிக்குத் திரும்பினார். "அப்போ வீட்டுலயே சோபாக்காரியோட இரு" என்றார். வெண்டலுக்கும் லோரெட்டாவுக்கும் நடுவில் ஏதோ இருப்பதாக அவருக்கு எண்ணம். நடுவில் இருந்தது நெடுஞ்சாலை என்று வெண்டல் விளக்கியதில்லை.

சனிக்கிழமை டிஸ்க்கைப் போட்டார். வீட்டில் பார்த்தபோதும் படம் அதே படம்தான். ஒலி மட்டும் உயர்தரம். அப்பா விழும் அலை இடது பின்புறமிருந்து கிளம்பி, தலைக்கு மேல் கடந்து, வலது முன்புறத்தில் உடைந்தது. இப்படி ஒரு அழகான அலையில் சாவதற்கு அந்த மனிதர் கொடுத்துவைத்தவர் என்று குறித்துக்கொண்டார். பிறகு இணைப்புகள். வீரனின் தோல் சட்டையை இத்தாலியில் தைத்த கதை. எல்லோரும் எல்லோரையும் மேதை என்று சொல்லும் பேட்டி. கடைசியில், படத்திலிருந்து வெட்டி எறிந்த ஒரு காட்சி.

அந்தக் காட்சியில் அப்பாவும் பையனும் கலங்கரை விளக்கத்தின் சமையலறையில் சூப் குடிக்கிறார்கள். அவ்வளவுதான். அப்பா ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியைப் பையனிடம் தள்ளுகிறார். பையன் அதைத் திருப்பித் தள்ளுகிறான். ரொட்டி நடுவில் கிடக்கிறது. வெளியே காற்று. இதை ஏன் வெட்டினோம் என்று இயக்குநர் ஒரு வரி போட்டிருந்தார்: எதுவும் நடக்காததால். வெண்டல் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முழுப் படத்திலும் கிடைக்காத ஒரு தகப்பன் அந்த நாலு நிமிடத்தில் இருந்தான். இந்தக் காட்சி உள்ளே இருந்திருந்தால் அந்த மெதுவான அலைக்குத் தேவையே இல்லை. அந்த ஆள் படியில் தடுக்கி விழுந்து செத்திருந்தாலும் நாம் அழுதிருப்போம் என்று எழுதினார். எழுதிவிட்டு, லோரெட்டா இதற்கு என்ன சொல்வார் என்று யோசித்தார். இந்த யோசனைதான் அவருடைய வார இறுதி.

ஞாயிற்றுக்கிழமை இரவு உணவோடு, இயக்குநரும் கதாநாயக நடிகரும் படம் நெடுகப் பேசிக்கொண்டே வரும் ஒலித்தடத்தைப் போட்டார். அவருக்குப் பிடித்த பகுதி அது. சாப்பிடும்போது இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஹாட்டிஷ் என்ற அடுப்புச் சமையலில் பாதி தீர்வதற்குள் அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். இயக்குநர் பேசும்போது பின்னால் மின்விசிறியின் மெல்லிய முனகல். நடிகர் பேசும்போது அந்த முனகல் இல்லை. இயக்குநர் ஒரு நகைச்சுவை சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. நடிகர், "அவர்கிட்ட கேட்டா தெரியும்" என்றார். கேட்பதற்கு இயக்குநர் அங்கே இல்லை. இருவரையும் தனித்தனி அறையில், ஒருவேளை தனித்தனி மாதத்தில் பேசவைத்து, கத்தரித்து ஒட்டியிருக்கிறார்கள். முதுகில் தட்டிக்கொள்ளும் நண்பர்கள் போல அட்டையில் படம் வேறு.

வெண்டல் கோபமாக ஒரு பத்தி எழுதி, எல்லாவற்றையும் பேரிக்கு அனுப்பினார். மறுநாள் மதியம் பேரி கூப்பிட்டார்.

"எல்லாம் பிரமாதம். சூப் பத்தி எழுதினீங்க பாருங்க, நான் சமையலறைக்குப் போய் சூப் டப்பா திறந்துட்டேன். அந்த மின்விசிறிப் பத்தியை மட்டும் எடுத்துடறேன்."

"அது உண்மைதானே பேரி."

"உண்மைதான். 'ரெண்டு அறையில பேசினதை ஒட்டிட்டு நட்புன்னு விக்கறாங்க'ன்னு எழுதியிருக்கீங்க. நம்ம பகுதி பேர் என்ன?"

"ஒரே சோபா" என்றார் வெண்டல்.

"படிக்கிறவங்க சும்மா இருக்க மாட்டாங்க. அடுத்தது நம்மகிட்டதான் மோப்பம் பிடிப்பாங்க."

"அதுவும் சரிதான்" என்றார் வெண்டல். அவர் பிடிக்காத எதற்கும் சொல்லும் வார்த்தை அது. போனை வைத்துவிட்டு, பேருந்து வழித்தடம் ஒன்றை இரண்டு தடவை தப்பாகப் போட்டார். மாலை வீட்டுக்கு வந்ததும், யோசித்தால் செய்யமாட்டோம் என்று கோட்டைக்கூடக் கழற்றாமல் லோரெட்டாவைக் கூப்பிட்டார். அவர்கள் போனில் பேசிக்கொள்வது அபூர்வம்.

"லோரெட்டா, நான் வெண்டல் பேசறேன்."

"பேர் வருது, தெரியுது. என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லல்ல. இங்க குளிர் வந்துடுச்சு."

"இங்கயும்தான் வந்துச்சு. இதைச் சொல்லவா கூப்பிட்டே?"

"கலங்கரை மனிதன் வந்துச்சா?"

"வந்துது. பிரிக்கல. பிரிக்கத் தோணல."

"அப்போ… உங்களுக்கு வசதிப்பட்டா, கட்டாயம்னு இல்ல, சனிக்கிழமை வேற ஒண்ணும் இல்லன்னா, இங்க வந்து பாத்தாலும் பாக்கலாம். எல்லாரும் காட்டுல இருப்பாங்க. ரோடு காலியா இருக்கும்."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு லோரெட்டா, "அட, உனக்கு எதுக்குப்பா அந்தச் சிரமம்" என்றார்.

"சரி" என்றார் வெண்டல். "பரவாயில்ல."

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு படத்தின் பிம்பத்தைக் 'கழுவாத மீன்தொட்டி' என்று எழுதியவர் லோரெட்டா. வர விருப்பம் இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருப்பார். வேண்டாம் என்றால் வேண்டாம். வெண்டல் கோட்டைக் கழற்றி மாட்டினார். அன்று அவர் எதையும் போட்டுப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மதிய உணவு நேரத்தில் கோர்டி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சோபாக்காரியோட சண்டையா?" என்றார்.

"சண்டையெல்லாம் இல்ல. படம் பாக்கக் கூப்பிட்டேன். வரலைன்னுட்டாங்க."

கோர்டி சாண்ட்விச்சை மேசையில் வைத்தார். வெண்டல் தன் விஷயம் ஒன்றை வாய்விட்டுச் சொன்னது அந்த அலுவலகத்தில் நடந்திராத காரியம். "எத்தனை தடவை கேட்டே?"

"ஒரு தடவை. அவங்க நியூஜெர்சி. அவங்களுக்கு நம்ம வழக்கமெல்லாம் கிடையாது."

"இப்ப எங்க இருக்கா?"

"பிரெய்னர்ட்ல."

"எத்தனை வருஷமா?"

"இருக்கும், ஒரு பன்னெண்டு வருஷம்."

"பன்னெண்டு வருஷம் லூத்தரன் சர்ச் பொம்பளைங்க நடுவுல." கோர்டி பரிதாபமாகத் தலையை ஆட்டினார். "என் தம்பி பொண்டாட்டி கலிபோர்னியாக்காரி. வந்தப்போ எதைக் கேட்டாலும் 'ஓ, குடுங்க'ன்னுவா. இப்ப அவளுக்கு உப்பு வேணும்னாக்கூட நாமதான் கண்டுபிடிக்கணும். சிரமம் எதுக்குன்னு சொன்னாளா, இல்ல வரமாட்டேன்னு சொன்னாளா?"

வெண்டல் எழுந்து, போனை எடுத்துக்கொண்டு பேருந்துகள் நிற்கும் வளாகத்துக்குப் போனார். கோர்டி அவருடைய பாதிச் சாண்ட்விச்சையும் சாப்பிட்டு முடித்தார்.

"சனிக்கிழமை பத்திதான்" என்றார் வெண்டல். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம். ஆனா எனக்கு இதுல சிரமம் ஒண்ணும் இல்ல."

"இது ரெண்டாவதா?" என்றார் லோரெட்டா.

"ஆமா."

"நான் திங்கட்கிழமையிலேருந்து போன் பக்கத்துலயே உட்காந்து சாப்பிடறேன், தெரியுமா? என்ன மனுஷன்யா நீ, ஒரு தடவை கேட்டுட்டு வச்சுட்டுப் போயிட்டே."

"நீங்க நியூஜெர்சின்னு…"

"நியூஜெர்சியா. வந்த புதுசுல ஒரு சாவுக்குப் போனேன். சர்ச் கூடத்துல தட்டுல கடைசி துண்டு கேக் இருந்துச்சு, எடுத்துக்கறீங்களான்னாங்க, எடுத்துட்டேன். பொணத்துல இருந்து மோதிரத்தைக் கழட்டின மாதிரி பாத்தாளுங்க அத்தனை பேரும். அன்னியோட போச்சு நியூஜெர்சி. சரி, இப்ப நான் இன்னொரு தடவை மாட்டேன்னு சொல்லணும். மாட்டேன்."

"வாங்க லோரெட்டா."

"பகல்ல பன்னெண்டு மணிக்கு வரேன்." பிறகு, கொஞ்சம் குரல் இறங்கி, "மினியாபொலிஸ்ல நான் கேட்டப்போ வேண்டாம்னியே" என்றார்.

"ஒரு தடவைதானே சொன்னேன்."

வளாகத்தில் ஒரு பேருந்து பின்னால் வந்து நின்றது.

"ஆறு வருஷம், வெண்டல்" என்றார் லோரெட்டா.

"ஆமா."

விஷயத்தைக் கேட்டதும் பேரிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் முறையாக நிஜமாகவே ஒரே சோபா. வெண்டல் எழுதி அனுப்பியதைத் தூக்கி ஓரமாக வையுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துப் புதிதாக எழுதுங்கள் என்றார்.

சனிக்கிழமை லோரெட்டா வந்தார். வழியெல்லாம் ஆரஞ்சுச் சட்டைகள். ஊரே சிறைச் சட்டையோடு தப்பித்து வந்தது போல இருக்கிறது என்றார். மூடி போட்ட பாத்திரத்தில் சாசேஜும் குடைமிளகாயும் கொண்டுவந்திருந்தார். வெண்டல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி ஹாட்டிஷ் செய்துவைத்திருந்தார். அவரவர் மற்றவர் சமைத்ததைச் சாப்பிட்டு, மோசமில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு சோபா. மூன்று பேர் உட்காரும் சோபா அது. ஐந்து ஸ்பீக்கரின் ஒலியும் சரியாக வந்து சேரும் இடம் நடுவில்தான். வெண்டல் அளந்து போட்டிருந்தார். அந்த இடத்தை லோரெட்டாவுக்குக் காட்டினார். அவர் ஐயோ உன் இடமாச்சே என்று ஓரத்துக்குப் போனார். விருந்தாளியை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு நடுவில் எப்படி உட்காருவது? வெண்டல் மறு ஓரத்துக்குப் போனார். கலங்கரை மனிதனின் மிகச் சிறந்த ஒலி, இரண்டரை மணி நேரம், யாருமில்லாத இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

லோரெட்டா படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர் என்று அவருக்குத் தெரியாது. நிழலில் கரும்புள்ளி தெரிகிறதா என்று எழுந்துபோய்த் திரையில் மூக்கை வைத்தார். நிறுத்தினால் ஒலி போய்விடும். வெண்டலுக்கு ஒவ்வொரு தடவையும் படியில் கால் தவறியது போல இருந்தது. எதுவும் சொல்லவில்லை. சண்டைக் காட்சியில் லோரெட்டா சிரித்தார். தானும் சிரிக்க வேண்டுமோ என்று வெண்டல் யோசிப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது. கடைசியில், அவர் காத்திருந்த சூப் காட்சியைப் போட்டார்.

"இதுல ஒண்ணும் நடக்கலயே" என்றார் லோரெட்டா.

எழுத்தில் இதைச் சொல்லியிருந்தால் வெண்டல் மூன்று பத்தி எழுதியிருப்பார். கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். ஆனால் அந்த அம்மாள் ஒரு கை தூரத்தில், அவர் கொடுத்த கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அதுவும் சரிதான்" என்றார்.

நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கியது. சாலையில் மான் குறுக்கே வரும், இருட்டுவதற்குள் கிளம்புகிறேன் என்று லோரெட்டா எழுந்தார். வாசலில் கொஞ்ச நேரம், வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம், வண்டிக் கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச நேரம் என்று ஊர் முறைப்படி விடைபெற்றார். வெண்டல் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவருக்குப் பழகிய அமைதிதான். ஆனாலும் என்னவோ மாறியிருந்தது. இத்தனை காலம் அந்த வீட்டில் யாரும் இல்லை. இப்போது லோரெட்டா இல்லை.

சேர்ந்து பார்த்துவிட்டு எழுதிய விமர்சனத்தைப் படித்ததும் பேரி கூப்பிட்டார்.

"வெண்டல், நீங்க ரெண்டு பேரும் ஏதாவது மனஸ்தாபமா?"

"இல்லயே."

"'திருமதி ஸ்கால்சோவின் கருத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும்'னு எழுதியிருக்கீங்க. அவங்க என்னடான்னா 'வெண்டல் சொல்வதில் நியாயம் உண்டு'ங்கறாங்க. பல் டாக்டர் வீட்டு முன்னறையில ரெண்டு பேர் உட்காந்திருக்கற மாதிரி இருக்கு. சூப்பைக் காணோம். என்ன ஆச்சு சூப்புக்கு?"

"லோரெட்டாவுக்கு அது அவ்வளவா…"

"அதைத்தானே நான் காசு குடுத்து வாங்கறேன்! இந்தத் தடவை நீங்க முதல்ல எழுதினதையே போட்டுடறேன், அவங்க தனியா எழுதி அனுப்பட்டும். அடுத்த டிஸ்க்லேருந்து முன்ன மாதிரியே அவங்கவங்க வீட்டுல பாருங்க. சேர்ந்து பாத்தா இது ஓடாது. அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

அந்த வாரம் முழுக்க வெண்டல் அதை லோரெட்டாவிடம் சொல்லவில்லை. பேரி சொன்னது தப்பும் இல்லை. தனித்தனியாக இருந்தபோது அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தார்கள், சேர்ந்து உட்கார்ந்ததும் இரண்டு அந்நியர்கள். அந்தச் சனிக்கிழமை ஒன்றும் அப்படி இனிக்கவில்லை என்பது லோரெட்டாவுக்கும் தெரிந்திருக்கும். சொன்னால், நல்லதாப் போச்சு என்றுதான் சொல்வார். அந்த வார்த்தையைக் கேட்க வெண்டல் தயாராக இல்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். பேரி சொன்னதை அப்படியே சொன்னார்.

"நீ என்ன நினைக்கறே?" என்றார் லோரெட்டா.

"உங்க இஷ்டம்."

"நான் உன்னைக் கேட்டேன்."

"உங்களுக்கு எது வசதியோ…"

லோரெட்டா பேசாமல் இருந்தார். நியூஜெர்சியில் பிறந்த ஒருவர் பேசாமல் இருப்பதை வெண்டல் அதுவரை இவ்வளவு நேரம் கேட்டதில்லை. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம், பிறகு அதை மூடும் சத்தம். அவருக்குக் காது மட்டும் நல்ல காது.

"எனக்கு நீங்க வரணும்" என்றார் வெண்டல். "எழுதறது போனாப் போகுது. நீங்க அந்த ஓரத்துல உட்காந்து படத்தை நிறுத்திக்கிட்டே இருங்க. எனக்கு அது கொஞ்சம்கூடப் பிடிக்கல. வாங்க."

"பிடிக்கலன்னு அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"தப்புதான். அந்த சூப் காட்சி பத்தி நீங்க சொன்னதும் தப்பு."

"ஓகோ."

"முழுத் தப்பு."

"டிசம்பர்ல எனக்கு ரெண்டாவது சனிக்கிழமை லீவு" என்றார் லோரெட்டா. "சாசேஜ் கொண்டுவரமாட்டேன். நீ முழுங்கினதைப் பாத்தேன்."

'ஒரே சோபா' பகுதியைப் பேரி டெக்சாஸில் இருக்கும் இரண்டு பேருக்குக் கொடுத்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, நன்றாக எழுதுகிறார்கள். வெண்டலுக்குத் தபாலில் டிஸ்க் வருவது நின்றது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை லோரெட்டா வருகிறார். பனிப்புயல் அடித்தால் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் வெண்டல் ஐந்து ஸ்பீக்கரையும் போடுகிறார், நிறுத்துகிறார். காதில் விழுந்ததை எழுதி அனுப்ப இடமில்லாததால், முன்பைவிடச் சாயங்காலங்கள் நீளமாகிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் வந்தபோது லோரெட்டா வழுக்கும் சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டி வந்திருந்தார். நடுவில் உட்காருங்கள் என்று வெண்டல் சொன்னார். அவரும் மறுக்காமல் உட்கார்ந்தார். வேறொரு வீரனின் அப்பா எரியும் கட்டிடத்துக்குள் ஓடும் நேரத்தில், லோரெட்டா ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனார். வெண்டல் அவர் விரல்களிலிருந்து ரிமோட்டை மெதுவாக உருவி, ஒலியைக் குறைத்தார். தீ பெரிதாயிற்று, இன்னும் குறைத்தார். கட்டிடம் இடிந்து விழுந்தபோது அறையில் லோரெட்டாவின் மூச்சு மட்டும்தான் கேட்டது. இடிந்த சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எப்படி இருந்தது என்று அவரால் சொல்ல முடியாது. கேட்பாரும் இல்லை.